சத்தம் போடாதவர் பங்கு

உங்கள் வீட்டுப் பரணில் பழைய சி.டி. ப்ளேயர் ஏதாவது கிடந்தால் இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். முன்பக்கத்தில் ஓரமாக வட்டமான ஓட்டை ஒன்று இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஃபோன்ஸ்’ என்று போட்டிருக்கும். கொஞ்சம் வசதியான மாடல் என்றால் அதற்கென்று ஒரு குட்டித் திருகும் இருக்கும். வாங்கின நாளிலிருந்து அந்த ஓட்டையில் எதையாவது செருகிக் கேட்டிருக்கிறீர்களா?

கேட்டிருந்தால் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். ஸ்பீக்கரில் கணீரென்று பாடிய அதே தட்டு, அதே பாட்டு, இந்த ஓட்டை வழியாக வரும்போது ஜலதோஷம் பிடித்த மாதிரி வரும். தவிலின் தொப்பிப் பக்கம் காணாமல் போயிருக்கும். பாட்டுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு ‘ஸ்ஸ்ஸ்’. நம் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றி வைத்திருப்பீர்கள்.

காதில் கோளாறு இல்லை சார். ஓட்டையில்தான். எல்லா ப்ளேயரும் அப்படி என்று சொல்லவில்லை. நிறையப் ப்ளேயர்கள் அப்படி. ஏன் என்று பார்க்கப் போனால் விஷயம் எலெக்ட்ரானிக்ஸில் ஆரம்பித்து தர்ம நியாயத்தில் போய் நிற்கிறது. அதனால்தான் இந்த வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் எலெக்ட்ரானிக்ஸ். பயப்பட வேண்டாம், ஓம் விதி தெரிந்தால் போதும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் சி.டி. ப்ளேயர் 1982 அக்டோபர் 1-ம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சோனி சி.டி.பி.-101. விலை 1,68,000 யென். அதிலேயே ஹெட்போன் ஓட்டை உண்டு. அப்புறம் வந்த கம்பெனிகளும் அதைப் பார்த்துத் தங்கள் முகப்பிலும் ஒன்று போட்டன. இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள்; இல்லாவிட்டால், “என்னங்க, ஹெட்போன் மாட்ட வழியில்லையா?” என்று கேட்பார்கள். கல்யாண வீட்டு இலையில் உப்பு வைப்பது மாதிரி ஒரு சம்பிரதாயம்.

ப்ளேயரின் முதுகில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு குழிகள் இருக்கும். ஆம்ப்ளிஃபயருக்குப் போகிற வழி. ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டியது சேதி மட்டும். அதன் வாசலில் 10,000 ஓம், 47,000 ஓம் என்று பெரிய தடை இருப்பதால் ப்ளேயர் அதற்குக் கொடுக்க வேண்டிய கரன்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுதான். 2 வோல்ட்டில் சேதி சொல்லிவிட்டால் மிச்ச வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஹெட்போன் அப்படியில்லை. அதுவே ஒரு குட்டி ஸ்பீக்கர். உள்ளே இருக்கும் சவ்வை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை தள்ளி இழுக்க வேண்டும். சாதாரணமாக அதன் தடை 32 ஓம். அதற்கு நிஜமாகவே கரன்ட் வேண்டும். முதுகுப் பக்கத்து வேலைக்கு இருக்கிற சர்க்யூட்டையே இதற்கும் அனுப்பினால், லீ பஜார் மண்டியில் கணக்கெழுதுகிறவரைக் கூப்பிட்டு மூட்டை தூக்கச் சொன்ன கதைதான்.

அதனால் ஓட்டைக்குப் பின்னால் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் வைத்தாக வேண்டும். பல ப்ளேயர்களில் அது எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி. அதில் தப்பில்லை. ஜே.ஆர்.சி. 4556 என்று ஒன்று உண்டு. பல கம்பெனிகள் இந்த வேலைக்கென்றே போட்டது, 70 மில்லி ஆம்பியர் வரை தள்ளும், நல்ல உழைப்பாளி. தகராறெல்லாம் அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்களில்தான்.

ஐ.சி.க்கும் ஓட்டைக்கும் நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைப்பார்கள். ப்ளக்கைப் பாதி செருகி நாம் ஷார்ட் பண்ணினால் ஐ.சி. போய்விடாமல் இருக்க. பல ப்ளேயர்களில் அது 100 ஓம், அல்லது அதற்கும் மேலே. ஹெட்போன் 32 ஓம், வழியில் 100 ஓம் என்றால் புறப்பட்ட சக்தியில் முக்கால் பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடும். ஏரித் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்கிற மாதிரி. அதோடு போச்சா? ஹெட்போனின் தடை எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே மாதிரி இருக்காது. வழியில் இத்தனை தடை இருந்தால் சில ஸ்வரம் தூக்கலாகவும் சில ஸ்வரம் அடங்கியும் வரும். சவ்வைப் பிடித்து நிறுத்துகிற பிடியும் தளர்ந்துவிடுவதால் அடி ஒலி தொளதொளவென்று ஆகும். ரெசிஸ்டர் வைத்தவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. சர்வதேசத் தர அமைப்பு ஒன்றே 1996-ல் வெளியிட்ட ஐ.இ.சி. 61938 என்ற ஆவணத்தில் இந்தத் தடை 120 ஓம் இருக்கலாம் என்றுதான் போட்டிருந்தது. 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்களுக்கு அது பெரிய தொந்தரவும் இல்லை. நம்ம ஊரில் யாரிடம் 600 ஓம் ஹெட்போன் இருந்தது என்பது வேறு கேள்வி.

அடுத்தது கெப்பாசிட்டர். மலிவு ப்ளேயர்களிலும் கையடக்க ப்ளேயர்களிலும் பாட்டோடு சேர்ந்து வரும் நேர் மின்சாரத்தைத் தடுக்க வைப்பது. 32 ஓம் ஹெட்போனுக்கு 220 மைக்ரோஃபாரட் வைத்தால் சுமார் 23 ஹெர்ட்ஸ் வரை பாட்டு இறங்கும். பேஷ். 100 மைக்ரோஃபாரட் வைத்து, அதில் 16 ஓம் இயர்போனை மாட்டினால் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய ஆரம்பித்துவிடும். பேஸ் கிடாரின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் எதற்காக உட்கார்ந்து கேட்கிறோமோ, அதையே காவு கொடுத்த மாதிரி. இந்த இரண்டு கெப்பாசிட்டருக்கும் விலை வித்தியாசம் சில்லறைக் காசு.

கடைசியாக அந்தக் குட்டித் திருகு. ஒரே தண்டில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு தடங்கள். ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகள். நல்ல ஜோடி என்றால் சேர்ந்து நடக்கும். மலிவு ஜோடியில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வேடிக்கை என்னவென்றால், சத்தம் அதிகம் வைத்தால் இந்த வித்தியாசம் தெரியாது. திருகை ரொம்பக் குறைத்து வைக்கும்போதுதான் தெரியும். ஒரு காதில் பாட்டு, இன்னொரு காதில் பாட்டின் நிழல்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகக் கேட்கும்போதுதான் கோளாறு அதிகம். யார் மெதுவாகக் கேட்கிறார்?

குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒரு லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஆறு வீடு, வீட்டுக்கு வீடு ஒரே சுவர். விசைத்தறியில் ஷிப்ட் முடித்து ஒருவர் ராத்திரி வீட்டுக்கு வருகிறார். தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதிலேயே மணிக்கணக்கில் நின்றுவிட்டு வந்தவருக்குக் கொஞ்ச நேரம் காது மந்தமாகத்தான் இருக்கும். சாப்பிட்டுவிட்டு இரண்டு பாட்டு கேட்க ஆசை. பெண்ணுக்குக் காலையில் பரீட்சை. அம்மாவுக்கு இப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. ஒருவரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அவராகவே ஹெட்போனை எடுத்து அந்த ஓட்டையில் செருகுகிறார்.

இந்த மனிதர் செய்தது என்ன? தன் சந்தோஷத்துக்காக மற்றவர் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தார். தர்ம சாஸ்திரம் எல்லாம் படிக்காமல், யாரும் கேட்காமல், சரியான காரியத்தைச் செய்தார். அதற்கு அந்த இயந்திரம் கொடுக்கிற பரிசு, இருப்பதிலேயே மோசமான சத்தம். அவரே ஸ்பீக்கரைப் போட்டு லைன் வீடு முழுக்க அலற வைத்திருந்தால் முதல் தரமான சத்தம் கிடைத்திருக்கும்.

இதில் இயற்கையும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறது. 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் அளந்து சொன்ன விஷயம் இது: சத்தம் குறையக் குறைய, அடி ஒலிகளைக் கேட்கும் திறன் நம் காதுக்கு மற்ற ஒலிகளைவிட வேகமாகக் குறைகிறது. ராத்திரி மெதுவாக வைத்தால் அடி ஒலி ஏற்கெனவே பாதி போன கணக்கு. மிச்சப் பாதியைக் கெப்பாசிட்டர் தின்கிறது. “என்னடா, சப்பென்று இருக்கிறதே” என்று அவர் திருகைக் கொஞ்சம் கூட்டுவார். இன்னும் கொஞ்சம். பகலெல்லாம் தறி அடித்த காதில் ராத்திரி ஹெட்போனும் சேர்ந்து அடிக்கும். மற்றவர் தூக்கத்தைக் காப்பாற்றப் போனவர் தன் செவியை அடகு வைக்கிறார். ஒரு ஓட்டையைப் பற்றி இவ்வளவு எழுதுகிறானே என்று நினைத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். காது கேட்கும் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

எங்கள் சேலம், நாமக்கல் சமவெளியில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. தறி ஓடும், லாரி ஓடும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி எங்கேயாவது பூமியைக் குடைந்துகொண்டிருக்கும். ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மனில் தொடங்கி ஒவ்வொரு பேட்டை மாரியம்மனுக்கும் திருவிழா. விடியற்காலையில் கூம்பு ஸ்பீக்கர் கண் விழித்துவிடும். காது குத்து, சீர், புதுமனை புகுவிழா எதுவானாலும் வாசலில் பந்தலுக்கு முன்னால் வந்து இறங்குவது ரேடியோ செட். சத்தம் குறைந்தால் விசேஷத்துக்கே மரியாதை குறைச்சல் என்று ஒரு எண்ணம். அந்தக் காலத்து ரேடியோ செட்டுக்காரர் தன் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தை மாதிரி துடைத்து வைத்திருப்பார். ஊரே கேட்கப் போகிறதே! ஊரே கேட்கிற சத்தத்துக்கு எப்போதும் நல்ல சாமான்தான் போடுவார்கள். குறை இருந்தால் ஊரே சொல்லிவிடும்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, ராத்திரியில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டின. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு விரிவான தீர்ப்பில், பேச்சுரிமையைக் காட்டி ஒருவர் காதுக்குள் அவர் விரும்பாத சத்தத்தைத் திணிக்க முடியாது என்ற கருத்தை அழுத்தமாகச் சொன்னது. ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. விசேஷ நாட்களில் வருஷத்துக்குப் பதினைந்து நாள் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். நடைமுறை எப்படி என்று உங்கள் தெருவில் வந்து நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்டம் செய்யக்கூடியது சத்தம் போடுகிறவரைத் தடுப்பது மட்டும்தான். சத்தம் போடாமல் இருக்கிறவருக்கு நல்லதாக ஒன்று கொடு என்று எந்த விதியும் சொல்லாது. அது செய்கிறவன் மனசாட்சியின் பாடு.

அங்கேதான் என் கேள்வி. கேட்காதவருக்கு, கேட்கத் தெரியாதவருக்கு, கேட்கப் போவதே இல்லை என்று தெரிந்தவருக்குச் செய்கிற பொருளை எவ்வளவு நன்றாகச் செய்ய வேண்டும்?

கடையில் யாரும் ஹெட்போன் ஓட்டையைச் சோதிப்பதில்லை. சின்னக்கடை வீதியில் ஆனாலும் டோக்கியோவில் ஆனாலும் கடைக்காரர் ஸ்பீக்கரில்தான் போட்டுக் காட்டுவார், அதுவும் சத்தமாக. வாங்குவது பகல் நேரத்து மனிதன். ஹெட்போன் மாட்டப் போவது அதே ஆளின் ராத்திரி அவதாரம். அவனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வந்து நிற்கும் வண்டிக்குத் தச்சர், வெல்டர், பெயின்டர், குஷன் வேலைக்காரர், எலெக்ட்ரீஷியன் என்று வரிசையாக ஆட்கள் வந்து உடம்பு கட்டுவார்கள். பணம் கொடுப்பவர் ஓனர். அவர் பார்ப்பது முகப்பு, பெயின்ட், பக்கவாட்டுப் பலகை. கேபினுக்குள் டிரைவர் முதுகு சாய்க்கிற பலகையில் பஞ்சு எத்தனை விரல்கடை என்று ஓனர் படுத்துப் பார்ப்பாரா? மாட்டார். டிரைவர் அதில் மாசக்கணக்கில் படுப்பார். ஆனால் பாடி கட்டும்போது அவரைக் கேட்பவர் இல்லை. அப்படியும் அந்தப் பஞ்சை ஒழுங்காக வைக்கிற பட்டறைகள் உண்டு. எந்தப் பட்டறை என்று டிரைவர்களுக்குத் தெரியும். தாபாவில் டீ குடிக்கும்போது பேசிக்கொள்வார்கள்.

சேலத்துக் கொலுசும் அப்படியே. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கும்போது “டச் எவ்வளவுங்க?” என்று கேட்கிறோம், அவர்கள் ஒரு எண் சொல்கிறார்கள். கண்ணிகளைப் பற்றவைத்த இடத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது உருக்கினால்தான் தெரியும். கொலுசை உருக்கிப் பார்த்து யாரும் வாங்குவதில்லை. விற்கிற அன்றைக்கு, பத்து வருஷம் கழித்து, பெண்ணின் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிச் செலவுக்கோ விற்கப் போகும்போது தெரியும். நம் தமிழில் இதற்கு ஒரு பெரிய வழக்கே இருக்கிறதே! மதுரையில் இரண்டு சிலம்பும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தன. உள்ளே இருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பதில்தான் ஒரு ராஜாவின் உயிரும் ஒரு ஊரும் நின்றன. உடைத்த பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

கிரேக்கத்தில் ப்ளேட்டோ ஒரு மோதிரக் கதை சொல்கிறார். கைஜஸ் என்ற இடையனுக்குக் கிடைத்த மோதிரத்தைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். மாட்டிக்கொள்ளவே மாட்டோம் என்று தெரிந்தால் எவனாவது யோக்கியனாக இருப்பானா என்பது கேள்வி. இடையன் அரண்மனைக்குள் புகுந்து ராஜாவைக் கொன்று சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். நம் காலத்தில் அவ்வளவு பெரிய பாவம் செய்ய யாருக்கும் நேரமில்லை. மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கிய ஒவ்வொரு பெட்டியும் ஒரு சின்ன கைஜஸ் மோதிரம்தான். உள்ளே 220 போட வேண்டிய இடத்தில் 100 போடலாம். ஒரு லட்சம் பெட்டியில் போட்டால் அது நல்ல பணம்.

கம்பெனிக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, கேட்டுவிடுவோம். “நீங்கள் கொடுத்த விலைக்கு சி.டி.யைப் படிக்கிற லேசர், சுற்றுகிற மோட்டார், எண்ணை ஒலியாக்குகிற சிப், எல்லாம் கொடுத்திருக்கிறோம். பத்துப் பேரில் ஒருத்தர் உபயோகிக்கிற ஓட்டைக்காக ஒன்பது பேரிடம் ஏன் காசு வாங்க வேண்டும்? ஓட்டை இனாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.” இது பொய் இல்லை. இருக்கிற பணத்தை எங்கே செலவழிப்பது என்பது எந்தப் பட்டறையிலும் வருகிற கேள்வி. அதே ஜப்பான் கம்பெனிகள் சில மாடல்களில் ஹெட்போனுக்கு நல்ல தனி சர்க்யூட் வைத்துச் செய்தும் இருக்கின்றன.

எனக்கு இந்த வாதத்தில் பாதி சம்மதம். கொடுக்க முடியாது என்றால் கொடுக்காமல் இருக்கலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. முகப்பில் ஓட்டை இல்லாத நல்ல ப்ளேயர்கள் எத்தனையோ உண்டு. அவற்றை வாங்குகிறவர் தனியாக ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் தேடிக்கொள்வார். ஓட்டையைப் போட்டு, அதைச் சுற்றித் தங்க முலாம் பூசிய வளையமும் வைத்து, பின்னால் ஒன்றும் வைக்காமல் விடுவது வேறு. அது வாக்குக் கொடுப்பது. இனாம் என்ற பேச்சும் சரியில்லை. பந்தியில் கடைசி வரிசைக்காரருக்கு “பாயசம் இனாம்தானே” என்று தண்ணீரை ஊற்றினால் அவர் கேட்காமல் இருக்கலாம், பரிமாறினவருக்குத் தெரியும். அதிலும் அந்த ஒன்பது பேர், ஒரு பேர் கணக்கு எனக்கு உறுத்துகிறது. அந்த ஒருத்தர் யாரோ ஒரு விசித்திரப் பிராணி இல்லை. வீட்டில் நோயாளி இருந்தால் நீங்களும் அவர்தான். பக்கத்து அறையில் பேரன் தூங்கினால் நானும் அவர்தான். வாழ்க்கையில் ஏதாவது ஒரு காலத்தில் நாம் எல்லோருமே சத்தம் போடாமல் கேட்க வேண்டியவர்கள் ஆகிறோம்.

இவ்வளவு படித்தவர்களுக்கு உபயோகமாகவும் கொஞ்சம் சொல்ல வேண்டாமா? பரணில் இருந்து இறக்கிய ப்ளேயரை இப்படிச் சோதியுங்கள். முதலில் தட்டு போடாமல் ஹெட்போனை மாட்டித் திருகை மெல்லக் கூட்டுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ எவ்வளவு என்று தெரிந்துவிடும். திருகும்போது கரகரத்தால் உள்ளே தூசி. ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்தால் ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் பண்ணித் தருவார். அப்புறம் ஒரு பாட்டைப் போட்டு, கேட்டும் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். பாடகர் குரல் நெற்றி நடுவில் இருக்கிறதா, ஒரு காதுப் பக்கம் சாய்கிறதா? சாய்ந்தால் மாடு ஜோடி சரியில்லை. அடுத்து அதே பாட்டை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். அடி ஒலி எங்கே போச்சு என்று தேடுங்கள். குறை பெரிதாக இருந்தால் முன் ஓட்டையை மறந்துவிட்டு, முதுகில் இருக்கிற சிவப்பு வெள்ளைக் குழியிலிருந்து வயர் எடுத்து ஒரு தனி ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் கொடுங்கள். அதே ப்ளேயரா இது என்று கேட்பீர்கள். அதற்குச் செலவு செய்ய மனமில்லை என்றால் தடை அதிகமான ஹெட்போனாக ஒன்று வாங்கிப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், சுத்தம் கூடும்.

இப்போது ஒரு வேடிக்கை. கட்டை விரல் நீளம்கூட இல்லாத, போனில் செருகுகிற சின்ன அடாப்டர்கள் வருகின்றன. அவற்றில் நல்லவற்றின் தடை 1 ஓம் கூட இல்லை. அந்தக் காலத்தில் ஒரு மாசச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய பல ப்ளேயர்களின் ஓட்டையைவிட இது சுத்தமாகப் பாடுகிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். ஆனால் இந்த அடாப்டர் ஏன் வந்தது? போனில் ஓட்டையையே எடுத்துவிட்டதால். 2016-ல் ஐபோன் 7-ல் ஆப்பிள் எடுத்தது. அப்போது கேலி செய்த கம்பெனிகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின. ப்ளூடூத் இருக்கிறதே என்பது பதில். இருக்கிறது. சார்ஜ் இருக்கும்வரை இருக்கிறது.

சேலம் புது பஸ் ஸ்டாண்டில் நாமக்கல் பஸ் ஏறிப் பாருங்கள். ராசிபுரம் தாண்டுவதற்குள் நாலு போனில் நாலு பாட்டு, ஒரு ரீல்ஸ் சிரிப்பு, ஒரு அரசியல் சண்டை, எல்லாம் ஸ்பீக்கரில். “சித்த சவுண்டக் கொறைங்க தம்பி” என்று ஒரு பெரியவர் சொன்னால் ரெண்டு நிமிஷம் குறையும். ஓட்டை இருந்த காலத்தில் எல்லோரும் மரியாதையாக இருந்தார்கள் என்று நான் சாதிக்க வரவில்லை. கேசட் காலத்துத் தனியார் பஸ்களை மறக்க முடியுமா? செருகுவதற்கு ஒரு இடம் இருந்தது, அவ்வளவுதான்.

1979 ஜூலையில் சோனி விற்ற முதல் வாக்மேனில் ஒரு ஓட்டை இல்லை, இரண்டு. கம்பெனித் தலைவர் அகியோ மோரிடா வீட்டில் சோதனைக்காக ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தன்னைத் தள்ளி வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது என்று அவர் மனைவிக்குக் கோபம் வந்ததாம். ஒருவர் மட்டும் தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று மோரிடாவுக்குத் தோன்றிவிட்டது. அதனால் பக்கத்தில் இருப்பவர் மாட்டிக்கொள்ள இரண்டாவது ஓட்டை. இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தான், அதை அழுத்தினால் பாட்டு அடங்கிப் பேச்சு கேட்கும். ஜனங்கள் என்ன செய்தார்கள்? அவரவர் தனித்தனியாக ஒன்று வாங்கிக்கொண்டார்கள். அடுத்தடுத்த மாடல்களில் பொத்தானும் போச்சு, இரண்டாவது ஓட்டையும் போச்சு.

அந்த இரண்டாவது ஓட்டையின் வேலையை இன்றைக்கும் பஸ்ஸில் சில காலேஜ் பெண்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். வயர் வைத்த பழைய இயர்போன் ஒன்று, அதில் ஆளுக்கு ஒரு காது. ஸ்டீரியோ பாட்டு என்பதால் ஒருத்திக்கு இடது பக்கத்து வாத்தியங்கள் மட்டும், இன்னொருத்திக்கு வலது பக்கம் மட்டும். இவளுக்கு வரும் கிடார் அவளுக்கு வராது. அவளுக்குக் கேட்கும் வயலின் இவளுக்குத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டு, புதன்சந்தை வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் வருவார்கள்.